ஒரே ஒரு தரம்பார்த்தலில் ஆய்வக அடிப்படை முழுவதையும் திருப்பிப் பார்க்கலாம்

கேள்வி இது: ப்ளஸ் டூ முடித்துச் சில ஆண்டுகள் இடைவெளி விட்டு, இப்போது இளங்கலை அறிவியல் வகுப்பில் சேரப்போகிறார் ஒருவர். அளவிடுதல், அலகு மாற்றம், மோல் கணக்கு, ஆய்வக வேலை எல்லாமே மறந்துபோயிற்று. முதல் பருவம் தொடங்குவதற்குள் எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

பழைய பாடநூலை முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டாம். அப்படித் தொடங்குபவர்கள் பெரும்பாலும் அலகுகளின் அட்டவணையோடு நின்றுவிடுகிறார்கள். ஒரே ஒரு சோதனையை எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வோர் அடியிலும் "ஏன் இப்படி?" என்று கேட்டுப் பதில் எழுதுங்கள். அதற்கு மிகப் பொருத்தமானது, ஆக்சாலிக் அமிலத்தில் திட்டக் கரைசல் (செறிவு துல்லியமாகத் தெரிந்த கரைசல்) தயாரித்து, அதோடு வினை முடியும்வரை பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சேர்த்து, செலவான அளவிலிருந்து அதன் செறிவைக் காணும் தரம்பார்த்தல். எடை, கனஅளவு, வெப்பநிலை, மோல், சமன்பாடு, முக்கிய எண்ணுருக்கள், கண்ணாடிக் கருவிகள், பாதுகாப்பு என்று நீங்கள் மறந்த எல்லாமே அதில் இருக்கிறது.

முதலில் தராசு. 250 மி.லி. திட்டக்குடுவையில் 0.1 நார்மல் (லிட்டருக்கு 0.1 சமான நிறை) ஆக்சாலிக் அமிலம் வேண்டும். படிகத்தில் இரண்டு நீர் மூலக்கூறுகள் உண்டு. அவற்றையும் சேர்த்து மோலார் நிறை 126.07 கிராம். ஒரு மூலக்கூறு இரண்டு எலக்ட்ரான்களைத் தருவதால் சமான நிறை, அதாவது ஓர் எலக்ட்ரானுக்குரிய பங்கு, அதில் பாதி: 63.03. ஆக, தேவை 63.03 × 0.1 × 0.25 = 1.576 கிராம். இங்கேயே ஒரு தவறு நடக்கும். நீரற்ற அமிலத்தின் 90.03 என்ற எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு 1.125 கிராம் நீரேறிய படிகத்தை எடுத்தால், கிடைக்கும் கரைசல் 0.1 நார்மலாக இருக்காது, 0.0714 நார்மல்தான். பிறகு எவ்வளவு கவனமாகத் தரம்பார்த்தாலும் விடை கால் பங்குக்கு மேல் பிசகும். புட்டியின் லேபிளில் மோலார் நிறை அச்சிட்டிருக்கும். கணக்கைத் தொடங்குமுன் அதைப் பாருங்கள்.

சரியாக 1.576 கிராம் வர வேண்டும் என்று ஸ்பாட்டுலாவால் துளித்துளியாகப் போட்டு எடுத்துப் பத்து நிமிடம் செலவழிக்கத் தேவையில்லை. 1.5க்கும் 1.6க்கும் இடையில் எவ்வளவு வந்தாலும் சரி, வந்த எடையைத் துல்லியமாகக் குறித்துக்கொண்டால் போதும். எடைக்குப்பியை அமிலத்தோடு நிறுத்தபோது 18.946 கிராம், பீக்கரில் கொட்டியபின் 17.364 கிராம் என்றால், பீக்கருக்குப் போனது 1.582 கிராம். குப்பியில் ஒட்டிக்கொண்ட தூள் கணக்கில் சேராது என்பதுதான் இப்படிக் கழித்து எடுக்கும் முறையின் நன்மை. கரைசலின் செறிவு 1.582 ÷ (63.03 × 0.25) = 0.1004 நார்மல். மொத்த எடைகளில் ஐந்து இலக்கம் இருந்தும் வித்தியாசத்தில் நான்குதான் மிஞ்சியது என்பதைக் கவனியுங்கள். நெருங்கிய எண்களைக் கழித்தால் அது முக்கிய எண்ணுருக்களைத் தின்னும்.

0.001 கிராம் வரை காட்டும் தராசில் இந்த எடையின் ஐயப்பாடு ஏறக்குறைய 0.06 சதவீதம். 0.01 கிராம் வரை மட்டும் காட்டும் தராசில் அதுவே 0.6 சதவீதமாகிவிடும். எந்தத் தராசு என்பதை ஏன் பதிவேட்டில் எழுதச் சொல்கிறார்கள் என்பது இதிலிருந்து புரியும். மேலே சுழலும் மின்விசிறியை நிறுத்துங்கள், அல்லது தராசின் கண்ணாடிக் கதவை மூடுங்கள். மூன்றாம் தசம இலக்கம் ஆடிக்கொண்டே இருப்பதற்குப் பெரும்பாலும் காற்றுதான் காரணம். சூடான பொருளை நிறுக்காதீர்கள். அதைச் சுற்றி மேலெழும் காற்று எடையைக் குறைத்துக் காட்டும். தட்டில் நேரடியாக எதையும் கொட்டாதீர்கள்.

ஏன் ஆக்சாலிக் அமிலத்தை நிறுத்துத் திட்டக் கரைசலாக்குகிறோம், ஏன் பெர்மாங்கனேட்டை நிறுத்தே கரைக்கக் கூடாது? ஆக்சாலிக் அமிலப் படிகம் தூய்மையாகக் கிடைக்கும். சாதாரணமாக வைத்திருந்தால் மாறாது. பெர்மாங்கனேட்டிலோ சிறிதளவு மாங்கனீசு டைஆக்சைடு கலந்தே இருக்கும். கரைத்த பிறகும் நீரில் உள்ள கரிமப் பொருள், வெளிச்சம் இரண்டும் அதைச் சிதைத்துக்கொண்டே போகும். அதனால்தான் பழுப்புநிறப் புட்டி. சோடியம் ஹைட்ராக்சைடும் இதே வகை: நிறுக்கும்போதே காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் இழுக்கும். இத்தகைய பொருள்களின் செறிவை எடையிலிருந்து நம்பக் கூடாது. இன்னொரு தூய பொருளோடு வினைப்படுத்தித்தான் காண வேண்டும்.

அடுத்து கரைப்பது. நிறுத்த அமிலத்தைப் பீக்கரில் ஏறக்குறைய 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, புனல் வழியாகத் திட்டக்குடுவைக்கு மாற்றுங்கள். பீக்கர், கண்ணாடிக் கோல், புனல் மூன்றையும் மூன்று தடவை சிறிது சிறிதாக நீரால் கழுவி அந்த நீரையும் குடுவையிலேயே சேர்க்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் கரைத்திருந்தால் அறை வெப்பநிலைக்கு ஆறிய பின்னரே குறிவரை நிரப்புங்கள். சூடாக நிரப்பினால் ஆறியதும் மட்டம் இறங்கும், செறிவு கூடிவிடும். குறிக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே வந்ததும் சொட்டுக் குழாயை எடுத்துக்கொண்டு, திரவத்தின் கீழ்ப்பிறை (வளைந்த மேற்பரப்பின் அடிப்பகுதி) குறியைத் தொடும்வரை சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

மூடி போட்டுப் பத்துப் பதினைந்து தடவை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். இதை விடுபவர்கள் ஏராளம். கனமான கரைசல் அடியில் தங்கிவிடும். குடுவையின் கழுத்திலிருந்து முதலில் ஊற்றுவது நீர்த்ததாக இருக்கும். அப்புறம் ஒவ்வொரு தடவையும் அளவு மாறிக்கொண்டே போகும், காரணம் பிடிபடாது. குலுக்கியபின் மட்டம் குறிக்குச் சற்றுக் கீழே தெரிந்தால் மறுபடி நீர் சேர்க்காதீர்கள். மூடியிலும் கழுத்திலும் ஒட்டிய கரைசல்தான் அது, எங்கும் போய்விடவில்லை.

இனி கழுவுதல். இந்தப் பகுதியில் நான் சற்று நின்று பேச விரும்புகிறேன். விதியை எல்லோரும் ஒப்பிப்பார்கள், காரணத்தைக் கேட்டால் திணறுவார்கள். பியூரெட்டையும் (திருகு வைத்த, அளவு குறித்த நீண்ட குழாய்) பிப்பெட்டையும் (குறித்த ஒரே அளவை எடுத்து வடிக்கும் குழாய்) அவற்றில் நிரப்பப்போகும் கரைசலாலேயே கழுவ வேண்டும். கூம்புக் குடுவையைக் காய்ச்சி வடித்த நீரால் மட்டுமே கழுவ வேண்டும். பியூரெட்டில் தங்கிய நீர் கரைசலின் செறிவைக் குறைக்கும். நாம் அங்கே நம்பியிருப்பது செறிவை, எனவே நீர் தங்கக் கூடாது. கூம்புக் குடுவையில் நாம் நம்பியிருப்பது உள்ளே போன மோல்களின் எண்ணிக்கையை. 20 மி.லி. கரைசலில் எத்தனை மோல் ஆக்சாலிக் அமிலம் போயிற்றோ அத்தனைதான். அதோடு 10 மி.லி. நீர் கூடினாலும் மோல் மாறாது. ஆனால் குடுவையை ஆக்சாலிக் கரைசலால் கழுவி அரை மி.லி. உள்ளே தங்கினால், 20க்குப் பதில் 20.5 மி.லி. இருக்கிறது. நேரே 2.5 சதவீதப் பிழை. செறிவு எங்கே முக்கியம், மோல் எங்கே முக்கியம் என்று இதில் பிடிபட்டவருக்கு நீர்த்தல் கணக்கு தனியாகப் படிக்க வேண்டிய பாடமே இல்லை.

பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் பழக்கம் இருந்தால் அதை இந்தச் சோதனையோடு விட்டுவிடுங்கள். ஆக்சாலிக் அமிலம் நச்சு. ரப்பர் பல்பு வாங்கிப் பச்சைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் பழகினால் போதும். குறிக்கு மேலே இழுத்து, ஆள்காட்டி விரலால் அடைத்து, வெளிப்புறத்தைத் துடைத்து, கண் மட்டத்தில் கீழ்ப்பிறையைக் குறிக்கு இறக்கி, கூம்புக் குடுவையின் உட்சுவரில் நுனியைத் தொட்டுத் தானாக வடிய விடுங்கள். வடிந்தபின் சுமார் 15 விநாடி அப்படியே பிடித்திருங்கள். நுனியில் நிற்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளாதீர்கள். அந்தத் துளியை உள்ளே விட்டுவைத்த நிலையில்தான் பிப்பெட் அளவு குறிக்கப்பட்டிருக்கிறது.

பிப்பெட்டை நம்பலாமா என்று சோதிப்பது நல்ல பயிற்சி. 20 மி.லி. நீரை நிறுத்த சிறு குடுவையில் வடித்து மறுபடி நிறுங்கள். கருவிகள் 20° செல்சியஸுக்குக் குறிக்கப்பட்டவை, நம் ஆய்வகங்கள் பெரும்பாலும் 30° பக்கம். 30 டிகிரியில் நீரின் அடர்த்தி மி.லி.க்கு 0.9957 கிராம். காற்றின் மிதப்பையும் சேர்த்துப் பார்த்தால் தராசு சுமார் 19.89 கிராம் காட்ட வேண்டும். 20.00 காட்டவில்லையே என்று பதற வேண்டாம். ஏ வகைப் பிப்பெட்டுக்கு அனுமதிக்கப்பட்ட விலகல் 0.03 மி.லி.; பி வகைக்கு 0.06. மூன்று தடவை வடித்து மூன்றும் ஒன்றுக்கொன்று 0.02 கிராமுக்குள் இருந்தால் உங்கள் கை நுட்பமாக வேலை செய்கிறது. மூன்றும் ஒத்துப்போய் 19.60 என்றே காட்டினால் நுட்பம் இருக்கிறது, துல்லியத்தன்மை இல்லை. பிப்பெட்டோ நுனியோ பழுது. இந்த இரண்டு சொற்களின் வேறுபாட்டை இலக்குப் பலகைப் படத்தில் பார்ப்பதைவிட இப்படித் தண்ணீரில் பார்ப்பது மனத்தில் நிற்கும்.

பியூரெட்டில் பெர்மாங்கனேட். கண்ணாடித் திருகு உள்ளதை எடுங்கள். ரப்பர் குழாய் வைத்ததில் பெர்மாங்கனேட் ரப்பரோடு வினைபுரியும். நிரப்பியதும் புனலை எடுத்துவிடுங்கள், பாதியில் அதிலிருந்து விழும் ஒரு துளி அளவைக் கெடுக்கும். திருகுக்குக் கீழே காற்றுக்குமிழ் நின்றால் திருகை ஒரு விநாடி முழுக்கத் திறந்து அதை வெளியேற்றுங்கள். தரம்பார்க்கும்போது குமிழ் வெளியேறினால், குடுவைக்குள் போகாத திரவமும் போனதாகக் கணக்கில் ஏறும்.

கரைசல் அடர்நிறம் என்பதால் கீழ்ப்பிறை தெரியாது. மேல் விளிம்பைப் படியுங்கள், தொடக்கத்திலும் முடிவிலும் அதே விளிம்பை. கண் அதே மட்டத்தில் இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் அளவு உருளையில் கூடுதலாகவும், எண்கள் கீழ்நோக்கி ஏறும் பியூரெட்டில் குறைவாகவும் தெரியும். இரண்டு அளவுகளிலும் ஒரே பிழை வந்தால் கழித்தலில் அடிபடுமே என்று தோன்றும். நடைமுறையில் அடிபடாது. சுழி கண்ணுக்கு மேலே இருக்கும், அதைக் கீழிருந்து அண்ணாந்து படிப்போம். 20 கண்ணுக்குக் கீழே இருக்கும், அதை மேலிருந்து படிப்போம். இரண்டு பிழைகளும் எதிரெதிர்த் திசையில் போவதால் வித்தியாசத்தில் கூடிக்கொள்ளும். பியூரெட்டை மேலும் கீழும் நகர்த்துங்கள், அல்லது நீங்கள் குனியுங்கள்.

பியூரெட்டில் மிகச் சிறிய கோடு 0.1 மி.லி. இரண்டு கோட்டுக்கு நடுவைக் கண்ணால் மதிப்பிட்டு 0.05 வரை எழுதலாம். எனவே 19.8 என்று எழுதாமல் 19.80 என்று எழுதுங்கள். கடைசிச் சுழி அலங்காரத்துக்கு இல்லை. இரண்டாம் தசம இலக்கத்தையும் பார்த்தேன் என்ற வாக்குமூலம் அது. ஒவ்வொரு அளவிலும் 0.05 ஐயம் என்றால் வித்தியாசத்தில் அதிகபட்சம் 0.1, 20 மி.லி.யில் அது 0.5 சதவீதம். செலவான அளவு வெறும் 2 மி.லி. என்றால் அதே 0.1 ஐந்து சதவீதமாகும். தரம்பார்த்தலில் அளவு 20ஐ ஒட்டி வரும்படி கரைசல்களை அமைப்பதன் காரணம் இதுதான்.

கூம்புக் குடுவையில் 20 மி.லி. ஆக்சாலிக் கரைசலோடு அதே அளவு 2 நார்மல் நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்குங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் கூடாது. பெர்மாங்கனேட் அதன் குளோரைடையும் ஆக்சிஜனேற்றிக் குளோரினாக்கிவிடும், வீணாகச் செலவாகும். நைட்ரிக் அமிலம் தானே ஆக்சிஜனேற்றி. சூடு குறைந்தால் வினை மந்தம். கொதிக்கவிட்டால் ஆக்சாலிக் அமிலமே சிதையும், செலவாகும் பெர்மாங்கனேட் குறைந்துபோகும்.

முதல் சில துளிகளின் நிறம் மறையத் தயங்கும். இதைப் பார்த்து, வினை முடிந்து முடிவுநிலை வந்துவிட்டதாகக் குறித்தவர்கள் உண்டு. வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே வினைக்கு ஊக்கி. சிறிதளவு உண்டானதும் நிறம் போடப்போட மறையும். நிறம் மறைந்தபின் அடுத்த துளி, கடைசி மி.லி.யில் சொட்டுச் சொட்டாக. ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மி.லி. குடுவை முழுவதும் வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் அதுதான் முடிவுநிலை. கருஞ்சிவப்பு வந்துவிட்டால் அந்த அளவை அடித்துவிட்டு மறுபடி செய்யுங்கள்.

கரைசல் பழுப்பாகக் கலங்கினால் அமிலம் போதவில்லை, அல்லது வேகமாக ஊற்றிவிட்டீர்கள். அமிலத்தில் ஒரு பெர்மாங்கனேட் ஐந்து எலக்ட்ரான்களை ஏற்கும். பழுப்பு மாங்கனீசு டைஆக்சைடோடு நின்றால் மூன்றுதான். அதே ஆக்சாலிக் அமிலத்துக்குக் கூடுதல் பெர்மாங்கனேட் செலவாகும், கணக்கில் அதன் செறிவு உண்மையைவிடக் குறைவாக வரும். நார்மாலிட்டியின் சிக்கலும் இதில் தெரிகிறது. 0.02 மோலார் பெர்மாங்கனேட் அமில ஊடகத்தில் 0.1 நார்மல், நடுநிலை ஊடகத்தில் 0.06 நார்மல். ஒரே புட்டிக்கு இரண்டு எண். கல்லூரியில் மோலாரிட்டியையே அதிகம் கேட்பார்கள் என்பதால் இரண்டிலும் போட்டுப் பழகுங்கள்.

20.10, 19.80, 19.80 என்று மூன்று அளவுகள் வந்தால், முதலாவது தோராயம். ஒத்த அளவு 19.80. நார்மாலிட்டி வழியில்: 20.00 × 0.1004 ÷ 19.80 = 0.1014 நார்மல். அமிலத்தில் சமான நிறை 31.61, எனவே லிட்டருக்கு 3.205 கிராம். மோல் வழியில்: ஆக்சாலிக் 0.0502 மோலார், 20 மி.லி.யில் 0.001004 மோல். 5 மோல் ஆக்சாலிக்குக் 2 மோல் பெர்மாங்கனேட், ஆக 0.0004016 மோல். 0.01980 லிட்டரால் வகுத்தால் 0.02028 மோலார். ஐந்தால் பெருக்குங்கள், 0.1014 வருகிறது. இரு வழியும் ஒரே இடத்தில் சேர்ந்தால் கணக்கு சரி. இடையில் எங்கும் முழுமைப்படுத்தாதீர்கள், கடைசியில் ஒருமுறை மட்டும்.

பார்த்த அளவை மட்டும் எழுதுங்கள், பேனாவால், நேராக அப்சர்வேஷன் நோட்டில். தவறாகிவிட்டால் ஒரே கோடு போட்டு அடியுங்கள், கீழே உள்ளது படிக்கத் தெரிய வேண்டும். மதிப்பெண்ணுக்காக மூன்று அளவையும் ஒன்றாக்கி எழுதும் பழக்கம் மிகப் பெரிய இழப்பு. அந்த வித்தியாசம்தான் பியூரெட்டில் குமிழ் இருந்ததா, குடுவை குலுக்கப்படவில்லையா என்று சொல்லும் ஒரே சாட்சி.

இயற்பியல் கருவிகளில் இரண்டை மட்டும் தொட்டுவிட்டால் போதும். வெர்னியர் அளவியில் மீச்சிற்றளவு (அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.01 செ.மீ., திருகு அளவியில் 0.01 மி.மீ. பத்துக்கு ஒன்பது பேர் சறுக்குவது எதிர்ச் சுழிப்பிழையில். வெர்னியரின் சுழி முதன்மைக் கோலின் சுழிக்கு இடப்பக்கம் நின்று, ஏழாவது கோடு ஒன்றினால் பிழை −0.07 இல்லை, பத்திலிருந்து ஏழைக் கழித்து −0.03 செ.மீ. திருத்தம் +0.03. திருகு அளவியில் சுழிநிலையில் தலைக்கோலின் 96 கோட்டில் நின்றால் திருத்தம் +0.04 மி.மீ. திருகை எப்போதும் ஒரே திசையில், முனையில் உள்ள ராட்செட்டால் மட்டும் திருகுங்கள். முன்னும் பின்னும் திருப்பினால் மரையின் தளர்ச்சி அளவில் ஏறும். கோளத்தின் விட்டத்தில் 1 சதவீதப் பிழை கனஅளவில் 3 சதவீதம், அடர்த்தியிலும் அதே 3. அலகு மாற்றத்திலும் இதே கவனம்: ஒரு கன சென்டிமீட்டர் என்பது கன மீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு இல்லை.

பாதுகாப்பில் இந்தச் சோதனைக்கே உரியவை இரண்டு. 2 நார்மல் கந்தக அமிலம் ஒரு லிட்டர் வேண்டுமானால் அடர் அமிலம் (சுமார் 36 நார்மல்) ஏறக்குறைய 56 மி.லி.யைப் பெருமளவு குளிர்ந்த நீரில் மெல்ல ஊற்றிக் கலக்கி, ஆறியபின் ஒரு லிட்டராக்குங்கள். நீரை அமிலத்தில் ஊற்றினால் மேற்பரப்பிலேயே கொதித்துத் தெறிக்கும். பெர்மாங்கனேட் படிகத்தின்மேல் அடர் கந்தக அமிலம் எக்காரணம் கொண்டும் படக் கூடாது, வெடிக்கக்கூடிய மாங்கனீசு ஆக்சைடு உண்டாகும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இந்த மேசைக்கு வராதீர்கள்.

வேலை முடிந்ததும் பியூரெட்டில் மிஞ்சிய பெர்மாங்கனேட்டைப் புட்டிக்குத் திருப்பி ஊற்றாதீர்கள். பியூரெட்டின் உட்சுவரில் பழுப்புக் கறை படிந்திருந்தால், மிச்சமிருக்கும் ஆக்சாலிக் கரைசலில் சிறிது நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து வெதுவெதுப்பாக ஊற்றினால் நிமிடத்தில் கரைந்துவிடும். பிறகு குழாய் நீர், கடைசியில் காய்ச்சி வடித்த நீர். திருகைத் திறந்துவைத்துத் தலைகீழாகத் தாங்கியில் மாட்டுங்கள்.